கார்டுக்கு ஒரு இஞ்ச் லூஸ்

எங்கள் வீட்டில் வேறு யாராவது எதையாவது அளந்தால் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கோபம் வரும். ஜன்னலுக்குத் திரை வாங்குவதானாலும் சரி, ஃபிரிட்ஜ் வைக்க இடம் பார்ப்பதானாலும் சரி, கழுத்தில் தொங்கும் டேப்பை உருவிக்கொண்டு அவரே வந்து நிற்பார். செஞ்சி பஜாரில் அவருக்குத் தையல் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே சிமென்ட் ஷீட் போட்ட ஒரு ரூம். அந்த ரூம்தான் என் ஆபீஸ்.

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்துக் குடிவந்துவிட்டது போலக் கம்ப்யூட்டரில் படமாகச் செய்து காட்ட வேண்டும். சோபா எங்கே வரும், சாயங்கால வெளிச்சம் எந்தச் சுவரில் விழும், எல்லாம் தெரியும். வீட்டுக்காரர்கள் அரை மணி நேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவரின் நிறத்தை மாற்றச் சொல்வார்கள்.

முதலில் கொஞ்ச காலம் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். அந்த ஹாஸ்டலைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அதற்கு ஒரு வாசல் இருந்தது, அது வழியாக வெளியே வர முடிந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. ஆபீசில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரை இணையம் வழியாக இங்கிருந்தே ஓட்டி வேலையை முடித்துவிடுவேன். மத்தியானம் அம்மா கையால் சோறு. ராத்திரி என் பாயில் தூக்கம். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். நைனா யூனிஃபார்ம் துணிக்குள் தலை மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து மேனேஜர் மேடம் போன் செய்தார்.

"இனிமே ஆபீஸ் சிஸ்டத்தை வெளியிலேர்ந்து யாருக்கும் தர்றதில்லம்மா. உன் சொந்த மெஷின்ல செய்ய முடியும்னா வீட்லயே இரு. ஒரு வீட்டோட ஃபைல் அனுப்பறேன், அடுத்த சனிக்கிழமைக்குள்ள வீடியோவா செஞ்சு காட்டு. முடியலன்னா ஒண்ணாம் தேதி இங்க வந்துடு."

என் சொந்த மெஷின் கல்லூரிக் காலத்துச் சரக்கு. ஒரு நாற்காலியைத் திருப்பச் சொன்னாலே மூச்சு வாங்கும். அதற்கு உயிர் வர வேண்டுமென்றால் படங்களை வேகமாகச் செய்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று புதிதாகப் போட வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஹாஸ்டல்.

பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவருக்குப் போன் போட்டேன். கடையில் ஃபேன் சத்தம், தையல் மெஷின் சத்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் வம்பாகிப் போனது.

"நீங்க கேட்ட சிப்பு ரெண்டு விதமா இருக்கு மேடம். ரெஃபரென்ஸ் வேணுமா, கஸ்டம் வேணுமா?"

நைனா மெஷினை நிறுத்தினார். "ரெஃபரென்சா? யார சொல்ல சொல்லணும்? நம்ம கவுன்சிலர் சொன்னா போதுமா கேளு."

ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "கஷ்டம் வேணுமான்னு யாராச்சும் கேப்பாங்களா? கஷ்டம் இல்லாததா குடுக்க சொல்லு பாப்பா."

போனில் அந்தக் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தேன்.

இவர்களுக்குப் புரிய வைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு பொருளும் வாங்க முடியாது. எனவே பொறுமையாக ஆரம்பித்தேன். கார்டுக்கு மூளை மாதிரி இருக்கும் சிப்பைச் செய்கிற கம்பெனியே தன் டிசைனில் ஒரு கார்டு போடும், அது ரெஃபரென்ஸ். அதே சிப்பை வேறு கம்பெனிகள் வாங்கி, அவரவர் யோசனைப்படி ஃபேன், தகடு, கலர் லைட் எல்லாம் வைத்துப் போட்டால் அது கஸ்டம். விலையில் பெரிய வித்தியாசமில்லை. துணி ஒன்றுதான், தையல்தான் வேறு.

"அப்போ ரெஃபரென்ஸ்னா?"

"ரெடிமேட் மாதிரி நைனா."

சொல்லியிருக்கக் கூடாது. நைனாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ரெடிமேட் என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. ஒருமுறை சென்னையில் வாங்கிய ரெடிமேட் சுடிதாரோடு ஊருக்கு வந்திறங்கினேன். கைப்பக்கத்து ஓரத்தை லேசாகத் திருப்பி உள்தையலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ஆனாலும் எனக்கு ரெஃபரென்ஸ் மேல்தான் கண். அடக்கமான கார்டு. இரண்டே ஃபேன். லைட், மினுக்கல் ஒன்றும் கிடையாது. என் கம்ப்யூட்டரின் சின்னப் பெட்டிக்குள், அந்தக் கேபினட்டுக்குள், சத்தமில்லாமல் உட்காரும். கஸ்டம் கார்டோ மூன்று ஃபேனோடு செங்கல் கணக்கில் நீளமாக இருந்தது. அதன் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் ஊர் வெயில் பாறையில் உட்கார்ந்துகொண்டு பொழுது சாய்ந்த பிறகும் எழுந்து போகாது. என் ரூமின் ஷீட்டுக்குக் கீழே மனுஷர்களே வதங்குகிற இடத்தில் கார்டுக்கு மட்டும் என்ன சொகுசு? மூன்று ஃபேன் இருந்தால் நல்லதுதான். இப்படி மாறி மாறி யோசித்து, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, சாப்பிடும்போதும் அதையே பேசி எல்லோர் உயிரையும் எடுத்தேன்.

கடைசியில் ஒரு நாள் காலை காபி நேரத்தில் தீர்ப்பைச் சொன்னேன். "ரெஃபரென்சே வாங்கிடறேன். சின்னதா இருக்குது. நாளைக்கே சென்னைக்குப் போவணும்னாலும் துணியில சுத்திப் பையில போட்டுக்கலாம்."

நைனா டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பெருசு?"

"அத எங்கே தூக்கினு போறது? ஹாஸ்டல் மேஜையில எனக்கே எடம் இருக்காது."

"அப்போ பெருசே வாங்கு."

"ஏன் நைனா?"

"பெருசுதான் நல்லா இருக்கும்." அவ்வளவுதான், எழுந்து கடைக்குப் போய்விட்டார். தையல் மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடும் சத்தம் கேட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் உடைத்துச் சொன்னார். "உனக்கு இன்னா பைத்தியமா? நீ போவக் கூடாதுன்னு இருக்குது அந்த மனுசனுக்கு. வாயத் தொறந்து சொல்லத் தெரியாது. அதான் தூக்கினு போவ முடியாததா கேக்குறாரு."

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. கார்டின் எந்த விமரிசனத்திலும் இந்தக் காரணத்தை யாரும் எழுதியிருக்கவில்லை. கஸ்டமே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கேபினட்டுக்குள் எவ்வளவு நீளம் வரை போகும் என்று பார்க்க, ஸ்கேல் எங்கே என்று மேலிருந்து அம்மாவைக் கேட்டேன். கடையிலிருந்து குரல் வந்தது. "நான் இருக்கிற வூட்ல நீ ஸ்கேல் எடுக்கிறியா?" டேப்போடு மேலே ஏறி வந்தார். கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிக் கொடுத்தேன். உள்ளே டேப்பை விட்டு, கண்ணைச் சுருக்கி, இரண்டு முறை பார்த்துவிட்டு, "பன்னெண்டரை" என்றார். நான் வாங்கப் போகும் கார்டு பன்னிரண்டு இஞ்ச். பேஷாகப் போகும்.

மறுநாளே பாண்டிக்குப் போய் வாங்கினேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, மிக்ஸியா?"

"கார்டுங்க. கம்ப்யூட்டருக்கு."

"கார்டா? ரேஷன் கார்டே உள்ளங்கை அளவு ஆயிடுச்சி, இது இன்னா இவ்ளோ பெருசு?" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெட்டியைப் பிரித்தேன். அம்மா கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். நைனா அதன் தகட்டு ஓரங்களைத் தடவி, "ஃபினிஷிங் சுத்தமா இருக்குது" என்று சான்றிதழ் கொடுத்தார். நான் கார்டை எடுத்துக் கேபினட்டுக்குள் நுழைத்தேன். போகவில்லை. சாய்த்து நுழைத்தேன். போகவில்லை. மூச்சைப் பிடித்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, ஹும். ஹார்ட் டிஸ்க் வைக்கும் இரும்புக் கூடு முன்னால் இடித்துக்கொண்டு நின்றது.

டேப்பை வாங்கி நானே அளந்தேன். பதினொன்றரை.

"நைனா, பன்னெண்டரைன்னு சொன்னீங்களே?"

"ஆமா. உள்ள பதினொன்ற. லூசுக்கு ஒரு இஞ்ச்சு."

"என்ன லூஸ்?"

"இன்னா லூசா? யாருக்கு அளவெடுத்தாலும் ஒரு இஞ்ச்சு லூசு வெக்க வேணாமா? ஒடம்போட ஒட்டிக்கினா யாரு போட்டுக்குவாங்க?"

எனக்குத் தலை சுற்றியது. வாழ்நாள் முழுக்க உடம்பைத் தொட்டு அளந்தவருக்கு வாய் தானாக ஒரு இஞ்ச்சைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. "பெட்டிக்குள்ளதான் கார்டு போவணும் நைனா! பெட்டிதான் சட்டை, கார்டுதான் ஒடம்பு!"

அவர் கேபினட்டைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "ஒடம்பு எது, சட்டை எதுன்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கணுமா இல்லியா?" என்று என் மேலேயே பாய்ந்தார்.

கோபம் தலைக்கேறியது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது, கூடவே பயம். பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். இரும்புக் கூடு ரிவிட் அடித்தது, கழற்ற முடியாது. புதுக் கேபினட் வரவழைத்தால் சனிக்கிழமை தாண்டிவிடும். ஹாஸ்டலின் சாம்பார் வாசனை மூக்குக்கே வந்துவிட்டது.

நைனா அளவு தப்பிய சட்டையைப் பார்ப்பது போலக் கேபினட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சைடு பிரிச்சி விட முடியாதா?"

"இரும்பு நைனா. தையல் இல்ல."

அம்மாதான் ரோசத்தோடு கேட்டார். "இந்தப் புழுக்கத்துல நாமளே துணி தாங்காம கெடக்குறோம். அதுக்கு மட்டும் சட்ட போட்டே ஆவணுமா?"

அதைக் கேட்டு நானும் நைனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆமாம், எதற்குச் சட்டை? கேபினட் என்பது மேல்தோல்தானே. உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் பரப்பி வைத்தாலும் ஓடத்தான் ஓடும்.

கடையிலிருந்து ஒரு மரப்பலகை மேலே வந்தது. மதர்போர்டைக் கழற்றி அதன் மேல் கிடத்தினேன். கார்டைச் செருகினேன். அது நட்டுவைத்த மாதிரி நின்றது, ஆனால் கனத்தில் ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தது. நைனா கீழே ஓடிப் போய்ப் பாவாடை நாடாவும் இரண்டு மரக்கட்டைகளும் கொண்டுவந்தார். ஃபேனில் படாமல், இறுக்காமல், அசையாமல், ஜாக்கெட்டுக்கு முடிச்சுப் போடுகிற நிதானத்தோடு கட்டினார். காலி கேபினட் ஸ்விட்சுக்காக மட்டும் ஒயரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஸ்விட்சை அழுத்தினேன். மூன்று ஃபேனும் சுற்றின. நீலம், பச்சை, சிவப்பு என்று லைட் ஓடியது. "கோயில்ல சீரியல் பல்பு போட்ட மாதிரி இருக்குது!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நைனா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். படம் வந்தது. அப்புறம்தான் மூச்சு விட்டார்.

அதன்பிறகு வேலை ஓடிய ஓட்டம் எனக்கே நம்ப முடியவில்லை. முன்பு ஒரு நாள் பிடித்த படத்தைச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடித்து வைத்திருந்தது. துணியில்லாத உடம்புக்குச் சூடே ஏறவில்லை. நைனா பத்து பட்டன் வைத்தால் ஒருமுறை மேலே வந்து, "இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். யூனிஃபார்ம் கேட்டு வந்தவர்களை அம்மாதான் சமாளித்தார். சனிக்கிழமை மத்தியானம் வீடியோவை அனுப்பினேன். மேடம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. நீ அங்கயே இருந்துக்கோ."

கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். நைனா, "சரி" என்றார். மெஷினை நிறுத்தக்கூட இல்லை. ஆனால் அவர் அப்போது தைத்துக்கொண்டிருந்த சட்டையின் பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தார். அம்மா அதைப் பிரித்துக்கொண்டே சாயங்காலம் வரை அவரைக் கிண்டல் செய்தார்.

அடுத்த வாரம் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு அம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருந்தார். நான் மேலே வேலையாக இருந்தேன். படிக்கட்டு வழியாகப் பேச்சுக் கேட்டது.

"பொண்ணு சென்னைலதான இருக்குது?"

"இல்லம்மா, இங்கதான் இருக்குது. மேல. கூப்புடட்டா?"

"வேலையா இருக்கப் போவுது, வேணாம்" என்று அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள், "பாப்பா!" என்று நைனா பஜாருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். வேலையைப் போட்டது போட்டபடி அவசரமாக இறங்கிப் போய் நின்றேன்.

"இன்னா நைனா?"

அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல. நீ போ."