தரையில் உட்கார்ந்து வாங்கியவர்

காளப்பநாயக்கன்பட்டியில் கொல்லிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்த பெண் பக்கத்தில் நின்றார். என் வயதுதான், பெரிய மூக்குத்தி, ஊன்றுகோல். எனக்கிருக்கும் அதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அவருக்கும். உடலே தன் நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். ஏன் வந்ததென்று டாக்டருக்கும் தெரியவில்லை. பிரசவத்தாலோ என்று நான்தான் குழம்புகிறேன்.

மரத்துப்போன என் கையிலிருந்து ஒரு வயது மகள் நழுவத் தொடங்கினாள். அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்து கை நீட்டினார்.

“இங்க வா சாமி.”

“பாத்துங்க, உழுந்துருவா.”

“உக்காந்தவ கையிலிருந்து எங்கீங்க உழுவா? நின்னாத்தான் எனக்கும் பயம்.”

யாரிடமும் போகாதவள் அவர் மடியில் புரண்டு சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நானும் தரையில் உட்கார்ந்து கை நீட்டினேன். மகள் வந்தாள். என் மூக்கைத் தடவி, அந்த மூக்குத்தியைத் தேடினாள்.