அமாவாசையன்று தெளிந்த ஆறு

துணி வெளுக்கும் சலவைப்பட்டறைகளின் கழிவுநீரால் எங்கள் பகுதி ஆறும் கிணறுகளும் கெட்டு வருவதால், சிலர் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறோம். நீரைப் பரிசோதிக்கும் சாமான்கள் வாங்க ஓர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டோம். அதன் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்.

ரசாயனம் படித்த நான்தான் விண்ணப்பம் எழுதினேன், பாட்டில்களைக் கழுவினேன், காட்டவேண்டிய இடங்களை வரிசைப்படுத்தினேன். அதிகாரியிடம் பேச மட்டும், சங்கத்தில் இன்னோர் உறுப்பினரான கமலத்தைத் தலைவர் தேர்ந்தெடுத்தார். "அந்தப் புள்ள பேசுனா கல்லும் தலையாட்டுங் கண்ணு" என்று என்னிடமே சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

நல்ல நாள் என்று அமாவாசையைக் குறித்தோம். அன்று பட்டறைகளுக்கு விடுமுறை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கமலத்தின் புதுப்புடவையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும்தான். கழிவுநீர் கலக்காமல் ஆறு தெளிவாக ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு? நிதி எதுக்கு?" என்றார் அதிகாரி.

நான் விண்ணப்பத்தைப் புரட்டினேன். கமலமோ, "வெயிலா இருக்குதுங்க, ஊட்டுக்கு வந்து காப்பி குடிங்க" என்று கரையோரத்துத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் சுளித்தார். "சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டியாம்மா?"

"சர்க்கரைதானுங்க போட்டேன். உப்பு எங்க கிணத்துலயே இருக்குதுங்க."

நிதி கிடைத்தது.

இப்போதெல்லாம் பட்டறை ஓடும் நாளா என்று விசாரித்த பிறகே யாருக்கும் தேதி கொடுக்கிறேன். ஆற்று நீரோடு கிணற்று நீரையும் எடுத்து வைக்கிறேன். அடுத்த விண்ணப்பத்தில் கிணறுகளைப் பற்றித்தான் முதலில் எழுதினேன். அந்த யோசனை கமலத்துடையது என்றும் எழுதினேன். அந்த வரியில் மட்டும் பேனா சற்று நேரம் நின்றுவிட்டது.

- ஒரு வாசகி, வேலம்பாளையம்