நாலாவது சொட்டில் நீலம்

முதியோர் இல்லத்தின் பின்பக்கம் புதிதாகக் கட்டி முடித்த சிகிச்சைக் குளத்துக்குப் பொறுப்பு பெரியக்காதான். படுக்கையில் கிடந்தவர்களை இருபது வருடம் புரட்டி, முதுகு துடைத்துப் பழகியவள். இடுப்பு ஒத்துழைக்க மறுத்த பிறகு, ஒரு மாதம் பயிற்சி கொடுத்துக் குளத்தை அவளிடம் ஒப்படைத்தார்கள்.

குளத்தை நிரப்பும் அன்று, "எந்தக் குழாயைத் திறக்கட்டும்?" என்று மேஸ்திரி கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. உப்பு நீக்கிச் சலவை அறைக்கு அனுப்பும் குழாயைக் காட்டினாள். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. உப்புத் தண்ணீர் பட்டால் வறண்டு அரிக்கும். அவள் கையால் தெரிந்துகொண்ட பாடம் அது.

குளோரினையும் அமிலத்தையும் தினமும் பார்த்தாள். கால்சியத்தை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்று அட்டவணையில் இருந்தது. அதற்குள் ஒவ்வொரு நாளும் சுவரைத் தேய்க்கத் தேய்க்க தண்ணீருக்குள் வெள்ளைப் புகை கிளம்பியது. புதுப் பூச்சு என்றால் கொஞ்சம் மாவு உதிரும்தான். நாளாக நாளாகக் குறைய வேண்டும். இது கூடிக்கொண்டே போயிற்று.

ஆறாம் நாள் சோதனைப் பெட்டியைத் திறந்தாள். சோதனைக் குழாயில் குளத்து நீர் இளஞ்சிவப்பாக நின்றது. இருபது சொட்டு மருந்தாவது விட்ட பிறகுதான் அது நீலமாக வேண்டும். நாலாவது சொட்டிலேயே நீலம்.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. பசித்த தண்ணீர் பூச்சையே தின்றுகொண்டிருந்தது. குழாயைக் காட்டியது அவள் கை.

திங்கட்கிழமை முதலில் இறங்க வேண்டியவர் தையல்காரர். சர்க்கரை நோயில் இரண்டு பாதமும் மரத்தவர். சொரசொரத்த பூச்சு கீறினாலும் தெரியாது. அப்படி ஒரு கீறலில் ஆரம்பித்துக் காலையே எடுத்த கதையை வார்டில் அவள் பார்த்திருக்கிறாள்.

அவர் சக்கர நாற்காலியில் வந்து நின்றார். "என்னம்மா, எனக்குக் குளியல் உண்டா இல்லையா?"

அவர் கையைப் பிடித்துக் குளத்தின் மேல்படியில் வைத்தாள். தடவிப் பார்த்தார்.

"பட்டு வேணாம், பாப்ளினாவது வேணாமா? இது கோணி."

மேலாளரிடம் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "பூச்சு சரியில்லைன்னு மேஸ்திரி மேல எழுதிடலாமா?"

"வேணாம் சார். குழாயைக் காட்டினது நான்."

"அதை யாரு உங்ககிட்ட கேட்டாங்கக்கா?"

"அவர் மேல எழுதினா மறுபடி பூசிட்டு அதே தண்ணியைத்தான் விடுவார். அப்ப யார் மேல எழுதுவீங்க?"

திறப்பு மூன்று வாரம் தள்ளிப் போனது. ஒன்பதரை கிலோ கால்சியம் உப்பை ஐந்து நாளுக்குப் பங்கு போட்டாள். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் உப்பு. கரையும்போது வாளி கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். ஆறியபின் சுற்றிவர ஊற்றினாள்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் விடவில்லை. "உப்புத் தண்ணி தோலுக்கு ஆகாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"குளிச்சதும் நல்ல தண்ணியில கழுவி எண்ணெய் தேச்சுவிட்டா முடிஞ்சுது. சுவருக்கு எண்ணெய் தேய்க்க முடியுமா?"

மறுசோதனையில் இளஞ்சிவப்பு இருபது சொட்டு தாங்கியது. உதிர்வும் நின்றது. ஆனால் அரித்துப்போன பூச்சு திரும்பி வராதே. பழைய நைலான் காலுறை ஒன்றைத் தரை, படி முழுக்க இழுத்துப் பார்த்தாள். மேல்படியில் மட்டும் நூல் மாட்டியது. தண்ணீரை இறக்கி, மேஸ்திரியை விட்டு அதைக் கல்லால் தேய்க்க வைத்தாள். மறுபடி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

தையல்காரர் இறங்கினார். இருபது நிமிடம் இடுப்பளவு நீரில் கம்பியைப் பிடித்து நடந்தார். வெளியே வந்ததும் அவர் பாதங்களை மடியில் வாங்கித் துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பி, விரலிடுக்கு ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"கிழிசல் உண்டா?" என்றார்.

"நூல்கூடப் பிரியலை. செருப்பை மாட்டுங்க."