சந்தனம் விழுந்த குழாயும் துடித்த புழுக்களும்

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினாலே தலை தானாகக் குனிந்துவிடும். ஆனால் அங்கே நடந்த ஒரு ஆயுத பூஜையை நினைத்தால் இப்போதும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்களோ.

மயிலாப்பூரிலிருந்து மொபெட்டில் வருகிற ஒரு பெண் அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் சாமான் கழுவும்போது பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் பேசுவாள். நான் பதில் சொல்லாததே அவளுக்கு வசதி.

"செல்லுன்னா ஒரு ஹோட்டல்னு வெச்சுக்கோங்கோ ஆயாம்மா. ஜீன் உள்ளே உக்காந்துண்டு, இதைப் பண்ணு அதைப் பண்ணுன்னு சமையல்கட்டுக்குச் சீட்டு அனுப்பறது. அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. புற்றுநோய் வந்த செல்லுல ஏதோ ஒரு ஜீன் 'வளரு, வளரு'ன்னு சீட்டு எழுதிண்டே இருக்கும். வழியிலேயே சீட்டைக் கிழிச்சுட்டா? ஜீன் அங்கேயேதான் இருக்கும், ஆனா அது பேச்சு எடுபடாது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். எப்படி வாயிலிருந்து வந்ததோ! அவள் விழுந்து விழுந்து சிரித்ததில் ஒரு குடுவை உடையப் பார்த்தது.

அந்தச் சீட்டைக் கிழிக்க வெளிநாட்டில் யாரோ வழி கண்டுபிடித்திருந்தார்களாம். அந்தச் சீட்டு மாதிரியே ஒன்றும், அதோடு பொருந்துகிற எதிர்ச் சீட்டு ஒன்றும் பின்னி, ரெட்டை ஆர்.என்.ஏ.வாகப் புழுவுக்குக் கொடுத்தால், புழு சந்தேகப்பட்டு அதே மாதிரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுமாம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத புழு. அதன் தசையை அடக்கி வைக்கிற ஒரு ஜீன் உண்டு. அதன் வாயை அடைத்தால் அந்தப் புழுவின் குட்டிகள் வெடவெடவென்று துடிக்கும். புழுவில் நடந்தால், புற்றுநோய் செல்லில் முயற்சி பண்ண அனுமதி கேட்கலாம் என்பது அவள் ஆசை.

எங்கள் பெரிய சார் லேசில் மசிகிறவர் இல்லை. "பூஜை லீவு முடிஞ்சு ஒரு வாரத்துல புழு துடிக்கணும். இல்லேன்னா இதை விட்டுட்டு உன் பழைய ஆராய்ச்சிக்கே திரும்பிடு" என்று சொல்லிவிட்டார். ஆர்.என்.ஏ. செய்கிற மருந்து வெளிநாட்டிலிருந்து ஐஸில் வைத்து வருவது. அது தீர்ந்து போய், கடைசியில் அவள் கையில் இருந்தது சுண்டுவிரல் நுனி அளவு குழாயில் தண்ணீர் மாதிரிக் கொஞ்சம் ரெட்டை ஆர்.என்.ஏ.தான். ஆர்.என்.ஏ. ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. மனுஷர் விரல் பட்டாலே பொடிப்பொடியாகிவிடும் என்று சொல்லி எனக்கும் கையுறை போட்டுவிட்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் அட்டெண்டர் பட்டினப்பாக்கத்துக்காரர். பக்தி என்றால் அப்படியொரு பக்தி. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் குங்குமம். மைக்ராஸ்கோப்பு, தராசு, ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கிற தட்டு, நான் கழுவும் தொட்டி, எதையும் பொட்டு வைக்காமல் விடவில்லை. அந்தப் பெண் ஐஸ் டப்பாவில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த ஃபோனைப் பேசப் போயிருந்தாள். திரும்பி வந்து ஒரு கத்தல்.

"ஐயோ அண்ணா! அதுலயா வெச்சேள்?"

"இன்னா பாப்பா, நீதான முக்கியமான சாமான் அதுன்ன? அதான் அதுக்கு மட்டும் பெர்சா வெச்சேன்."

சந்தனத்தில் ஒரு சொட்டு உள்ளே விழுந்து மிதந்துகொண்டிருந்தது. அவர் விரலில் இருந்ததும் சேர்ந்துதான் போயிருக்கும். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அட்டெண்டருக்கு முகம் செத்துப்போயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் நான் பொரியை நீட்டினேன். அவள் அழுதுகொண்டே வாங்கித் தின்றாள். தின்றபடியே யோசித்தாள்.

"ஒத்தையா இருந்தா போயிருக்கும். இது ரெண்டும் பின்னிண்டு இருக்கு, உப்பும் நெறைய போட்டிருக்கேன். கடிக்கறதுக்குக் கஷ்டம். ஒருவேளை தாங்குமோ?"

"நாளிக்கு விஜயதசமி பாப்பா. ஆரம்பி. ஜெயிக்கும்" என்றார் அட்டெண்டர், மெதுவாக.

மறுநாள் காலை புழுக்களை அந்தச் சந்தனம் விழுந்த ஆர்.என்.ஏ.வில் ஊறவைத்தாள். வெறும் உப்புத் தண்ணீரில் கொஞ்சத்தை வைத்தாள். பிறகு அட்டெண்டரிடம் போய், "அண்ணா, அதே கிண்ணம், அதே விரல்" என்று சொல்லி, இன்னொரு உப்புத் தண்ணீரிலும் ஒரு சொட்டு விடச் சொன்னாள். அவர் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கெஞ்சித்தான் விட வைத்து, அதிலும் கொஞ்சம் புழுக்களைப் போட்டாள்.

அப்புறம் எல்லாவற்றையும் தட்டுகளுக்கு மாற்றினாள். புழுக்கள் குட்டி போட்டு, குட்டிகள் வளரும்வரை அவள் சாப்பிட்டதாகவே தெரியவில்லை. நானும் தட்டுகள் இருந்த பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பேன், வெளியிலிருந்து ஏதோ தெரியப்போகிற மாதிரி.

ஒரு காலையில் மைக்ராஸ்கோப்பு முன்னால் இருந்தவள் "ஆடறது!" என்று அலறினாள். சார் கையில் காபியோடு ஓடி வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சந்தனம் விழுந்ததாமே? அதனால துடிக்கறதுன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"சார், இது சந்தனம் மட்டும் குடிச்ச புழுவோட குட்டி" என்று இன்னொரு தட்டை நீட்டினாள். அவை பாட்டுக்கு நெளிந்து நெளிந்து, ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. சார் காபியைக் கீழே வைத்தார். "சரி. புற்றுநோய் செல்லுக்கு என்னென்ன வேணும்னு எழுதிக் குடு" என்றார்.

அவள் என்னைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அத்தனை பேர் முன்னால் அந்தக் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். நூல் நூலாகப் புழுக்கள், குளிரில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி வெடவெடவெடவென்று! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க உடம்பு குலுங்கியது. "ஆயாம்மாவுக்கும் ஜீன் அடங்கிடுத்து!" என்று அவள் கத்த, சார்கூடச் சிரித்துவிட்டார்.

அட்டெண்டர் மட்டும் சந்தனப் புழுக்களின் தட்டையே கோபமாகப் பார்த்தார். "அப்போ நம்ம சந்தனம் இன்னாதான் பண்ணிச்சு பாப்பா?"

"ஒண்ணும் பண்ணலையே அண்ணா! அதுக்குத்தான் உங்களுக்கு நமஸ்காரம் பண்ணணும்" என்று சொல்லி, அவள் நிஜமாகவே அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் துள்ளிக் குதித்துப் பின்னால் ஓடினார்.