மூன்று தட்டு அலமாரியும் ஏலக்காய் மரமும்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஐந்து, தங்கியது நான்கு. செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். கீழே போடிப் பக்கத்திலிருந்து கேரளத்து மலையில் இருக்கிற இந்தச் சக்குபள்ளத்துக்கு ஏறி வந்து நாற்பத்தைந்து வருடமாகிறது. இன்னும் மலையாளத்தில் எழுதிய பஸ் போர்டை என்னால் படிக்க முடியவில்லை. பச்சை வண்டி ஒரு பக்கம் போகும், மஞ்சள் பட்டை போட்டது இன்னொரு பக்கம் போகும் என்று நிறம் பார்த்துத்தான் ஏறுகிறேன். போன மாதம் பச்சை வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மஞ்சள் பட்டையும் போட்டுவிட்டார்கள். நான் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்து வேறு ஊரில் போய் இறங்கினேன். "அம்மச்சிக்கு வாயிக்கான் அறியில்லே?" என்று கண்டக்டர் கேட்டான். வாசிக்கத் தெரியாதா என்கிறான். தெரியும் தம்பி, தமிழ் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் மூத்தவனின் பாடப்புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக் கூட்டிக் கற்றேன். ஒரு பக்கம் படிப்பதற்குள் ஒரு உலைச் சோறு வெந்துவிடும். ஆனாலும் படிப்பேன்.

இதைச் சொல்லக் காரணம், போன வருடம் நடந்த புத்தகச் சண்டை. வாசகசாலையை இங்கே வாயனசாலை என்பார்கள். எங்கள் வாயனசாலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று மூன்று தட்டு வைத்த ஓர் அலமாரி சாங்ஷன் ஆனது. எஸ்டேட் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்; லயத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டது கிடையாது. என்ன புத்தகம் வைப்பது என்று மூன்று பேர் கூடி முடிவு செய்ய வேண்டும்: வாயனசாலை செக்ரட்டரி வர்க்கிச் சேட்டன், தமிழ்ப் பள்ளிக்கூடத்து மாஸ்டர், பெற்றவர்கள் பக்கத்தில் ஒருத்தி. மற்றவர்கள் எல்லாரும் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், பேத்தி செல்வியை வளர்க்கிற என்னைப் போட்டார்கள். போடியிலிருந்து புத்தகக்காரர் இரண்டு சாக்குப் புத்தகம் அனுப்பியிருந்தார். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் சனிக்கிழமை வருகிற ஜீப்பில் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்கே மூன்று பேரும் லிஸ்டில் கையெழுத்துப் போட வேண்டும். தமிழுக்கு நிரப்பாத தட்டில் மலையாளப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம் என்று மேலேயிருந்து எழுதி வந்திருந்தது.

புதன்கிழமை வர்க்கிச் சேட்டன் மை டப்பாவோடு லயத்துக்கு வந்தார். கையில் மாஸ்டர் எழுதிய லிஸ்ட்.

"அம்மச்சி, இவிடெ ஒந்நு விரல் வெச்சா மதி."

"விரல் எதுக்கு? எனக்குக் கையெழுத்து வரும்."

"எந்நா ஒப்பிட்டோ." அப்படியானால் கையெழுத்தையே போடு என்கிறார்.

"புஸ்தகத்தைக் கண்ணுல பாக்காம எப்படிப் போடுறது?"

அவருக்கு என் கோபம் பிடிபடவில்லை. வேலையைக் கெடுத்து வந்து நின்றதற்குக் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துக் கடையிலிருந்து டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னார். பன்னைச் செல்விக்குக் கொடுத்தேன். டீயைக் குடித்தேன். கையெழுத்துப் போடவில்லை. வாயனசாலையில் இருந்த இரண்டு சாக்கையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அத்தனையையும் நான் எழுத்துக் கூட்டினால் வருடம் போய்விடும். அதனால் வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் செல்வியைக் கொஞ்சம் கதைப் புத்தகங்களோடு ஸ்டோருக்கு வரச் சொன்னேன். காய வைத்த ஏலக்காயை நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிக்கிற இடம் அது. மாஸ்டர் முதலில் எழுதியிருந்த கதைப் புத்தகத்தை அவள் சத்தமாக வாசித்தாள். ஒரு பையன் மாங்காய் திருடினான், மரத்திலிருந்து விழுந்தான், கால் ஒடிந்தது. "அதனால் குழந்தைகளே..." என்று செல்வி வாயெடுக்கும்போதே பக்கத்தில் இருந்த ராமாயி, "திருடக் கூடாது! அடுத்ததைப் படிடி" என்றாள். அடுத்ததில் பொய் சொன்னவனுக்குக் கை ஒடிந்தது. "கை கால் உருப்படியா இருக்கற பய ஒருத்தனும் இல்லையாடி அந்த ஊர்ல?" என்றாள் ராமாயி. சிரித்தோம். கைகள் மட்டும் காய் பிரித்துக்கொண்டே இருந்தன.

லிஸ்டில் இல்லாமல் சாக்கின் அடியில் கிடந்த வேறொன்றை அடுத்துப் படித்தாள். ஒரு சிறுமி அடுத்த வீட்டு ஆட்டை அவிழ்த்து விளையாடித் தொலைத்துவிடுகிறாள். கேட்டதற்குத் தெரியாது என்கிறாள். அடுத்த வீட்டுக்காரி மழையில் ஆட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அலைகிறாள். இவள் வீட்டுக்குள் போர்வைக்கடியில் கிடந்து கேட்கிறாள். "சொல்லிருடி பாவி, சொல்லிரு" என்றாள் ராமாயி. "சொன்னா அடிப்பாக. புள்ள எப்படிச் சொல்லும்?" என்றாள் இன்னொருத்தி. பத்துப் பேர் கையும் அப்படியே நின்றதைக் கண்டு சூப்பர்வைசர் வந்து செல்வியை வெளியே விரட்டிவிட்டார். வேலை முடிந்ததும் ராமாயி தன் வீட்டுக்குப் போகவில்லை. மிச்சக் கதையைக் கேட்க என் வீட்டுக்கு வந்தாள். அந்தப் புத்தகத்தைத் தனியே எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கதைப் புத்தகங்களை இப்படியே தேர்ந்தெடுத்தோம்.

வில்லங்கம் லிஸ்டில் இருந்த அறிவுப் புத்தகத்தில் வந்தது. ஒரே ஆள் எழுதிய பன்னிரண்டு புத்தகம், வழவழ அட்டை, கலர் படம். அதில் ஒன்றை விரித்துக்கொண்டு செல்வி ஓடி வந்தாள். ஓங்கின மரம், அதில் ஏணி, ஏணியில் நின்று ஒருவர் கிளையிலிருந்து ஏலக்காய் பறிக்கிறார். கீழேயும் அப்படியே எழுதியிருந்தது. கீழ்நாட்டுச் சனங்களுக்குச் சொல்கிறேன்: ஏலம் மரமல்ல. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படரும், அதில்தான் காய் பிடிக்கும். நாற்பத்தைந்து வருடம் குத்தவைத்துப் பறித்து என் முழங்கால் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வி சிரிக்கவில்லை.

"அப்பத்தா, பரீட்சையில கேட்டா எதை எழுதட்டும்?"

அந்தக் கேள்வியில் என் சிரிப்பும் போய்விட்டது. அதே ஆள் எழுதிய இன்னொரு புத்தகம் பாம்பைப் பற்றியது. என் மூன்றாவது பிள்ளை ஒன்பது வயதில் ஏலக்காட்டில் விரியன் கடித்துச் செத்தான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாவற்றையும் செய்தோம், பொழுது போய்விட்டது. கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருந்த பக்கத்தை மட்டும் செல்வியிடம் கொடுக்காமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஏலக்காயை மரத்தில் ஏற்றியவர் பாம்பைப் பற்றிச் சொல்வதை நான் எதை வைத்து நம்புவேன்? என் பேத்தி அதை நம்பி யாருக்காவது செய்தால்?

சனிக்கிழமை ஜீப் வந்துவிட்டது. மூடுபனி இறங்குமுன் போடிமெட்டைத் தாண்ட வேண்டுமென்று டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். கதைப் புத்தகத்தில் நான் மாற்றியதை மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

"பொய் சொல்ற பிள்ளையப் பத்தி கதை கொடுக்கியளே, ஆச்சி?"

"பொய் சொல்ல எங்க புள்ளைகளுக்குப் புஸ்தகம் வேணுமாக்கும்?"

பன்னிரண்டும் வேண்டாம் என்றதும்தான் அவர் எழுந்து நின்றுவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், பிள்ளைகள் மேல் உயிர்.

"அச்சுல வந்திருக்கு ஆச்சி. எழுதினவரு பெரிய படிப்பு படிச்சவரு."

"படிச்சவுக ஒருதரம் குனிஞ்சு பாத்திருக்கலாம்ல?"

"ஒரு படம் தப்பா இருந்தா என்ன? பன்னெண்டும் போனா அறிவுப் புஸ்தகத்துக்குன்னு வச்ச ஒரு தட்டு காலி, சாக்குல வேற இல்ல. நமக்குன்னு வந்ததே ஒரு அலமாரி. அதையும் விட்டுக் கொடுக்கச் சொல்லுதியளா?"

என்ன வழக்கு என்று வர்க்கிச் சேட்டன் கேட்டார். படத்தைக் காட்டினேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. பார்த்த உடனே சிரித்தார். அவருடைய அப்பன் பாலா ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறி வந்து காடு வெட்டி ஏலம் நட்டவர். "மாஷே, அம்மச்சி பறஞ்ஞது சரியா" என்றார். நான் சொன்னதுதான் சரி என்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஒரு தட்டு மலையாளத்துக்குப் போகும், அம்மச்சிக்குச் சம்மதமா என்று கேட்டார். என் எழுத்துக்காரரான மாஸ்டர் எனக்கு எதிரே நிற்கிறார். என்னைப் போலவே குனிந்து காய் எடுத்தவர் வேறு எழுத்துக்காரர், என் பக்கம் நிற்கிறார். ஹாரன் மறுபடி அடித்தது. பன்னிரண்டு வரியையும் நானே கோடு போட்டு அடித்தேன். அடியில் என் பெயரை எழுதினேன். கடைசி எழுத்து கோணிக்கொண்டது.

லயத்தில் ஒரு மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "படம் தப்புன்னா பேனாவால திருத்திட்டுப் போறது. ஒரு தட்டையே தாரை வாத்துட்டீகளே பெரியம்மா" என்று ராமாயியே கேட்டாள். படத்தைத் திருத்தலாம், பாம்புப் பக்கத்தை யார் திருத்துவது என்றேன். கீழே இறங்கினால் எங்களை மலைக்காரி என்கிறார்கள், இங்கே பாண்டிக்காரி என்கிறார்கள். நம் எழுத்துக்கு என்று ஒரு பலகை கிடைத்தபோது அதை விட்டவள் நான். இன்றைக்கு மறுபடி கேட்டாலும் அப்படித்தான் அடிப்பேன். ஆனாலும் வாயனசாலைக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்த அலமாரியைத்தான் பார்க்கிறேன். மேல் தட்டு இரண்டிலும் தமிழ். அடித்தட்டில் மலையாளம். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுவது அடித்தட்டுதான். எங்கள் லயத்துக் குஞ்சுகள் தரையில் உட்கார்ந்து அதைத்தான் இழுத்து விரிக்கின்றன. செல்வியும் இப்போது அதில் வேகமாகப் படிக்கிறாள். படித்துச் சிரிக்கிறாள். என்ன எழுதியிருக்கிறது, சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க எனக்கு வழியில்லை. அவள் சிரிக்கிற முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இவ்வளவையும் எழுத எனக்கு இருபது நாள் ஆயிற்று. செல்வி, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வை. இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துத் தப்பிருந்தால் திருத்து, வேறு எதிலும் கை வைக்காதே. மெதுவாக வாசி.