நான் கொடுத்தனுப்பிய நான்கு மூங்கில்கள்

இது நடந்து எட்டு வருடம் இருக்கும், ஹவுராவில். நான் அப்போது கொல்கத்தாவில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, காளிகாட்டில் வாடகை வீடு.

மூன்றாம் வருடத்தில் ஏதாவது ஒரு குடியிருப்புக்குப் போய், அங்கிருப்பவர்களோடு சேர்ந்து எங்கள் கையாலேயே ஒரு சின்னக் கட்டடம் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். எங்களுக்கு வாய்த்தது பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு நெருக்கமான பகுதி. அங்கே பெண்கள் பழைய செய்தித்தாளில் பொட்டலப் பை ஒட்டிக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். மழை வந்தால் உட்கார்ந்து ஒட்ட இடம் கிடையாது. அவர்களுக்கு ஒரு கூடம் கட்டி, பூஜோவுக்கு, அதாவது துர்கா பூஜைக்கு, முன்னால் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம்.

எவ்வளவு நல்ல நாட்கள் அவை! காலையில் படகில் கங்கையைக் கடப்போம். இறங்கியதும் மண் குவளையில் டீ. அப்புறம் நாள் முழுக்கச் செங்கல், மணல், கொப்புளம். கூரைக்குக் கான்கிரீட் தளம் போட்ட அன்று அந்தப் பெண்களும் நாங்களும் வரிசையாக நின்று இரும்புச் சட்டி சட்டியாகக் கலவையைக் கைமாற்றினோம். அன்று சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

எனக்குக் கொடுத்திருந்தது பாதுகாப்புப் பொறுப்பு. அது என் தலைக்கு ஏறிவிட்டது. ஹெல்மெட் இல்லாமல் யார் உள்ளே வந்தாலும் விரட்டுவேன். தினமும் தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரும் ஒரு பௌதி (அண்ணியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, "இதோட போய் நின்னா மீன்காரன் விலையைக் குறைப்பானா, திதிமணி?" என்று கேலி செய்வார். திதி என்றால் அக்கா, திதிமணி என்பது அதையே செல்லமாகச் சொல்வது.

தளம் போட்ட ஆறாம் நாள். அன்று மற்ற மாணவர்கள் ஜன்னல் சட்டம் வாங்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். மழை பிடித்துக்கொள்ளவே ஆறு பெண்கள் காகிதக் கட்டோடு தளத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, ஹெல்மெட் போட்டால் உட்காரலாம் என்று பெரிய மனது பண்ணி அனுமதித்தேன்.

அப்போதுதான் தெருவில் பூஜோ பந்தல் போடுகிறவர் வந்தார். எங்கள் தளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலெல்லாம் அவரிடம் இரவல் வாங்கியவை.

"திதி, வாசல் வளைவுக்கு நாலு மூங்கில் குறையுது. இங்க இத்தனை நிக்குதே, நடுவுல நாலு எடுத்துக்கவா?"

இரண்டு வாரம் முட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எங்கள் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பெங்காலியில் கம்பீரமாகப் பேசி ஒரு விஷயத்தை நானே முடித்துவைக்கும் சந்தர்ப்பம் அது. மேலே தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. "எடுத்துக்கோங்க" என்றேன். அவர் ஆட்கள் கழற்றி எடுத்துப் போனார்கள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மழை விட்டதும் பௌதி ஏணியில் மேலே ஏறினார். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். மேலிருந்து குரல் வந்தது.

"திதிமணி, தண்ணியெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்குது. ஓரம் காஞ்சு கிடக்கு."

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க பௌதி."

"ஊத்தறதுல குறை இல்ல. காலையில எல்லாப் பாத்தியிலயும் ஒரே மட்டமா நின்னுச்சு. இப்ப எல்லாத்துலயும் நடுப்பக்கம் பாத்துத்தான் நிக்குது."

தண்ணீர் நடுவுக்குப் போகிறது என்றால் தளம் நடுவில் இறங்குகிறது. மேலே பௌதி, கீழே ஆறு பேர்.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஆறு பேரும் காகிதத்தைப் போட்டது போட்டபடி வெளியே ஓடினார்கள். "பௌதி, சுவர் இருக்கிற ஓரமாவே கால் வச்சு வாங்க!" என்றேன். அவர் ஏணியை எட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு பந்தலுக்கு ஓடினேன். நான்கு மூங்கிலும் வளைவில் கட்டப்பட்டு நின்றன. நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்ட பந்தல்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அரிவாளை எடுத்து, அரை நாள் உழைத்துக் கட்டிய கயிறுகளை அறுத்தார். கூடப் பத்து மூங்கிலும் சேர்த்து அள்ளி வந்தார்கள். நானும் உள்ளே நுழையப் போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வெளிய நில்லு. நாங்க பாத்துக்கறோம்."

சுவர் ஓரத்தில் ஆரம்பித்து, நடுப்பக்கம் நோக்கி ஒவ்வொரு முட்டாக நிறுத்தி ஆப்பு அடித்தார்கள். அந்த அடிச் சத்தம் ஒவ்வொன்றும் என் மேல் விழுந்த மாதிரி இருந்தது.

யாரோ போன் பண்ணிச் சொல்ல, சார் வந்து சேர்ந்தார். நேராகப் பந்தல்காரரிடம் போய், "யாரைக் கேட்டு எடுத்தே? உன் பந்தலுக்கு இவங்க உயிர்தான் கிடைச்சுதா?" என்று கத்தினார். அந்த மனிதர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. தரையைப் பார்த்தபடி, "தப்பாயிடுச்சு சார்" என்றார்.

நான் ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். அந்த ஒரு நிமிடத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகுதான் "நான்தான் சார் குடுத்தேன்" என்று வாயைத் திறந்தேன்.

சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தளத்தின் அடியில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. இன்ஜினியர் ஒருவரை அழைத்துவந்து காட்டி, அவர் சொன்னபடி சரிசெய்து, ஒரு மாதத்துக்கு முட்டுகளைத் தொடாமல் விட்டோம். பூஜோ போயிற்று. கூடம் கிடைக்காமல் அந்தப் பெண்கள் மழையில் பழையபடி கூரை ஓரங்களில் ஒண்டிக்கொண்டு ஒட்டினார்கள். பண்டிகைக்குப் புதுத்துணி உடுத்திக்கொண்டு நான் வீட்டிலேயே கிடந்தேன். "உடம்புக்கு என்னடி?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கடைசியில் முட்டுகளையெல்லாம் பிரித்து, மேலே மணல் மூட்டை ஏற்றிச் சோதித்து, இனிப் பயமில்லை என்று இன்ஜினியர் சொன்ன பிறகு பெண்களைக் கூப்பிட்டோம். பௌதி முதல் ஆளாக நுழைந்து, கூடத்தின் நட்டநடுவில் காகிதத்தைப் பரப்பி உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வா. நீயும் நாலு பை ஒட்டு."

கால் நகரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"உன் கையால போட்ட கூரை. உனக்கே பயமா இருந்தா நாங்க எப்படி உக்கார்றது?"

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒட்டிய முதல் பை கோணலாக வந்தது, கண் முழுக்க மேலேயே இருந்ததால்.

இப்போது கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் ஒரு ஆபீஸில் இருக்கிறேன். எத்தனையோ மாடிகள் எழும்புகின்றன. முட்டுப் பிரிக்கலாம் என்று தாளில் கையெழுத்துக் கேட்டு வரும்போது, கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும், இதன் கீழே நடுவில் போய் நான் உட்காருவேனா என்று ஒரு முறை என்னையே கேட்டுக்கொள்கிறேன். மனம் கொஞ்சம் தயங்கினால்கூடக் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிடுகிறேன்.