விட்டது என்ற நிரல்

யூலிற்றா அக்காவோடு பந்தைப் பற்றி வாதாடி வென்றவர்கள் முல்லைத்தீவில் இல்லை. தோற்றவர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவருக்குத் தொழில் தையல். கழகங்களுக்குச் சீருடை தைத்து முதுகில் இலக்கம் பதித்துக் கொடுப்பார். கணவர் யாகப்பு கடலுக்குப் போகிறவர். ஆட்டக்காரர்களின் கணக்கை எண்ணி எழுதும் பழக்கம் அக்காவுக்குத் தொடங்கியதே அவரோடு வந்த ஒரு சண்டையில்தான். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு வெளிநாட்டு உதைபந்தாட்டம். கோல் அடிப்பவர்களுக்குப் பின்னால் நின்று பந்தைப் பரிமாறும் பத்தாம் இலக்கக்காரனைக் காட்டி, “அவன்ர காலில பந்து ஒட்டிக்கொண்டு நிக்குது, பார். உலகத்தில அவன்தான் திறம்” என்றார் யாகப்பு.

“இஞ்சரப்பா, ஒட்டிக்கொண்டு நிண்டு என்ன பிரயோசனம்? மற்றவனுக்குப் போகுதோ?” என்றார் அக்கா.

அடுத்த நாளே எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கினார். ஐரோப்பியக் கழகங்களின் பத்தாம் இலக்கக்காரர் எட்டுப் பேர் பந்தை என்ன செய்கிறார்கள் என்று ஒரு பருவம் முழுக்க எண்ணினார். யாகப்புவின் ஆள் ஆறாவதாக வந்தான். பிறகு நம்முடைய மைதானங்களுக்கும் கொப்பியோடு வரத் தொடங்கினார். அழகாக ஆடுகிறவனெல்லாம் நன்றாக ஆடுகிறவனில்லை என்பது அவருடைய வேதம். பையன்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே, “அக்கா, எனக்கு எத்தினை?” என்று வந்து நின்றார்கள்.

இந்த வருடம் வன்னித் தெரிவணிக்கு ஆள் எடுக்கும் மூவரில் நானும் ஒருவன். வவுனியாவில் உடற்கல்வி ஆசிரியன். அணி கொழும்புச் சுற்றுப்போட்டிக்குப் போகிறது. பெரிய கழகங்கள் ஆள் பார்க்கும் போட்டி அது. பத்தாம் இலக்கத்துக்கு ஒரே ஒரு இடம். போட்டியில் நின்றவர்கள் இருவர். ஒருவன் தண்ணீரூற்றில் தகப்பன் மஹ்றூபோடு ஹாட்வெயார் கடையில் நிற்கும் றிஃபாத். மற்றவன் யதுசன், யூலிற்றா அக்காவின் ஒரே மகன். இருவருக்கும் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

அக்காவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார்.

“என்ர பிள்ளையும் நிக்கிறான், சேர். நான் வந்தா வடிவில்லை. கொப்பியைத் தாறன். வடிவாப் பாருங்கோ.”

பரந்தனில் கூடினோம். கொப்பியை விரித்தோம். ஆளுக்கு ஆறு ஆட்டம். யதுசன் 540 நிமிடம் முழுதாக நின்று ஐந்து கோல். றிஃபாத் 360 நிமிடத்தில் மூன்று. அவனை ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுபதாவது நிமிடத்தோடு எடுத்துவிடுவார்கள். கழகத் தலைவரின் மருமகனும் ஆடவேண்டுமே! தொண்ணூறு நிமிடத்துக்கு என்று பார்த்தால் கோலில் இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசி நிரலுக்கு ‘விட்டது’ என்று தலைப்பு. அதில் யதுசனுக்குப் பதினான்கு, றிஃபாத்துக்கு இருபத்தெட்டு.

“இருபத்தெட்டுத் தரம் பந்தை விட்டவனோ? சரிவராது” என்றார் ஒருவர். நாங்கள் மூவரும் வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள். பிடிக்கவேண்டியதைத் தவறவிட்டால்தான் எங்கள் வாயில் ‘விட்டிட்டான்’ என்று வரும். கால் மணி நேரத்தில் யதுசனின் பெயரை எழுதிவிட்டு, பெருமையோடு தேநீர் குடித்தோம்.

செய்தி அக்காவின் கடற்கரைப் பக்கம் போனதும் வெடி கொளுத்தினார்களாம். மறுநாள் காலை அக்கா தொலைபேசியில் வந்தார். குரலில் வெடிச்சத்தம் எதுவும் இல்லை.

“சேர், றிஃபாத்தை ஏன் எடுக்கேல்லை?”

“இருபத்தெட்டுத் தரம் பந்தை விட்டிருக்கிறான் எண்டு நீங்கள்தானே அக்கா எழுதியிருக்கிறீங்கள்.”



“ஐயோ சேர், நாங்கள் வலை விடுறம் எண்டு சொன்னா வலை துலைஞ்சு போச்சு எண்டோ அர்த்தம்? மீன் வாற பக்கம் பாத்து வலையை இறக்கிறதைத்தானே விடுறது எண்டுறம். அவனும் அப்பிடித்தான் பந்தை விட்டவன். எதிராளியளுக்கு நடுவால, ஓடுறவன்ர காலடிக்கு. இருபத்தெட்டுத் தரம்! பறிகுடுத்ததை மற்றப் பக்கத்தில எழுதியிருக்கிறன். புரட்டிப் பாக்கேல்லையோ?”

புரட்டவில்லை. புரட்டினேன். பறிகொடுத்ததிலும் றிஃபாத்துக்குத்தான் குறைவு. தொண்ணூறு நிமிடத்துக்கு அவன் விட்டது ஏழு, யதுசன் இரண்டுக்குச் சற்று மேல். கோட்டை விட்டது நாங்கள்தான்.

“அக்கா, பட்டியலை இன்னும் கொழும்புக்கு அனுப்பேல்லை. மாத்தலாம். ஆனா மாத்தினா யதுசன்தான் வெளியில.”

“தெரியும் சேர். பெத்ததும் நான், எண்ணினதும் நான். ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.”

பிழை எங்களுடையது என்பதால் யதுசனிடம் நானே சொல்ல அன்று பின்னேரம் முல்லைத்தீவுக்குப் போனேன். அக்கா என்னைப் பேச விடவில்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு மகனை இருத்தி, கொப்பியை விரித்து, எல்லாவற்றையும் தானே சொன்னார். அவன் முகம் கறுத்தது.

“நீங்கள் பேசாமல் இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது, அம்மா.”

“எனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

அவன் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். அதுவரை நிமிர்ந்து நின்ற அக்கா கதிரையில் உட்கார்ந்து அழுதார். அந்த மனுஷியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்தது இரக்கமல்ல, மரியாதை. எங்கள் மூவருக்கும் இல்லாத முதுகெலும்பு அவருக்கு இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து யதுசன் வந்தான். காலெல்லாம் கடற்கரை மணல். தாயைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“ஞாயிற்றுக்கிழமை றிஃபாத்தின்ர கழகத்தோட எங்களுக்கு ஆட்டம். வந்து எனக்கு மட்டும் எண்ணுவீங்களோ?”

“மாட்டன்” என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ஒருத்தனை மட்டும் எண்ணினா எல்லாரும் முதலாம் ஆள்தான்.”

அவன் தாயின் கையில் பேனையை வைத்தான்.

“சரி. அப்ப ரெண்டு பேரையும் எண்ணுங்கோ.”